கடினம் வேறு, உழைப்பு வேறு: கேத்தி வீடுகளில் மூங்கில் தரை

மூங்கில் தரை விற்கும் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. பலகைத் துண்டு ஒன்றை மேசைமேல் வைத்து, கையில் இருக்கும் சாவியால் கீறிப் பார்க்கச் சொல்வார்கள். அவ்வளவு சுலபத்தில் கீறல் விழாது. “தேக்கைவிடக் கெட்டி சார், வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையாது” என்பார்கள். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்களும், எல்லநள்ளி, லவ்டேல் பக்கம் தங்கும் விடுதி கட்டுபவர்களும் இந்தச் செய்முறையில் மயங்கிவிடுகிறார்கள். பலகை கெட்டி என்பதில் பொய் இல்லை. ஆனால் கேத்தியில் தரையைக் கெடுப்பது சாவி அல்ல.

கெட்டித்தன்மைக்கு உலகம் முழுக்க வழங்கும் அளவுகோல் ஜான்கா எண். சிறிய எஃகுக் குண்டு ஒன்றை அதன் பாதி விட்டம் வரை பலகைக்குள் அழுத்த எவ்வளவு விசை வேண்டும் என்பதே கணக்கு. பவுண்டு கணக்கில் தேக்கு ஆயிரத்துச் சொச்சம், அமெரிக்க சிவப்பு ஓக் 1,290. பட்டைகளை ஒட்டிச் செய்த சாதாரண மூங்கில் பலகை ஓக்கை ஒட்டி வரும். நாராக நசுக்கிப் பசையில் ஊறவைத்து, பெரும் அழுத்தத்தில் இறுக்கிய ‘ஸ்ட்ராண்ட் வோவன்’ வகை 3,000-ஐத் தாண்டும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். அதன் அடர்த்தியைப் பார்த்தால் நம்பலாம். நாற்காலிக் கால், பெட்டிச் சக்கரம், நாயின் நகம் ஆகியவற்றை அது தாங்கும். இந்த எண்ணுக்குள் ஈரம் என்ற ஒன்று இல்லவே இல்லை. பலகை எவ்வளவு உப்பும், எந்தப் பக்கம் வளையும், பசை எப்போது விடும் என்பதற்கெல்லாம் ஜான்காவில் பதில் தேட முடியாது.

‘வெப்பமும் ஈரமும் மிக்க ஊர்களுக்கு ஏற்றது’ என்ற விளம்பர வாசகத்தைப் படிக்கும் கேத்திக்காரர், நம் ஊரில் வெப்பமே இல்லையே, பாதித் தொல்லை குறைந்தது என்று நினைக்கக்கூடும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். சென்னையின் புழுக்கம் இங்கே எங்கே? நினைப்பது நியாயம்தான், ஆனால் மூங்கில் அப்படி நினைப்பதில்லை. காற்றில் மொத்தம் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்பது மரத்துக்கும் மூங்கிலுக்கும் பெரிய பொருட்டல்ல. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான், அதாவது ஒப்பு ஈரப்பதத்தைத்தான், அவை பின்தொடர்கின்றன. மூடுபனி சன்னல் வழியே உள்ளே வரும் ஜூலை மாதக் கேத்தி இந்தக் கணக்கில் சென்னைக்குச் சளைத்ததல்ல. உப்பு ஜாடியில் நீர் கட்டுவதும், அலமாரிக்குள் தோல் செருப்பில் பூஞ்சணம் பூப்பதும் மலைவாசிகளுக்குப் புதிதா என்ன?

மரத்துக்கான பொதுப் பட்டியலின்படி, ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும் அறையில் பலகை சுமார் 9 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். 80 சதவீதமானால் 16-ஐத் தொடும், 90 ஆனால் 20-ஐ நெருங்கும். மூங்கிலும் ஏறத்தாழ இந்த வழியில்தான் போகிறது. ஆலையிலிருந்து வரும் பலகை வழக்கமாக 8 முதல் 10 சதவீதத்துக்குள் உலர்த்தப்பட்டது. ஒரு சதவீத ஈரம் ஏறினால் அகலம் 0.15 சதவீதம் கூடும் என்று வைத்துக்கொள்வோம். நாலு மீட்டர் அகல அறையில் ஈரம் 9-லிருந்து 14-க்கு ஏறினால் தரை மொத்தம் 30 மில்லிமீட்டர் விரியும். சுவரோரம் இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தால்கூட அது போதாது. மிச்சமுள்ள ஆறு மில்லிமீட்டருக்குப் போக்கிடம் இல்லாமல் நடு அறையில் தரை கூம்பி எழும். ஸ்ட்ராண்ட் வகை ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், அது அதன் பலம். குடித்து முடித்த பிறகு அது தள்ளும் தள்ளு பெரிது. அடர்த்தி கூடிய பொருள், விட்டுக்கொடுக்காது. கடையில் மெச்சிய அதே கெட்டித்தன்மை இங்கே எதிராக வேலை செய்கிறது.

அத்தோடு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை கேத்தியின் முகமே வேறு. காலையில் உறைபனி, பகலில் உலர்ந்த வெயில், இரவில் ஹீட்டரோ கணப்போ. அப்போது அதே பலகை சுருங்கி, இணைப்புகளில் கோடு கோடாக வாய் திறக்கும். எப்போதும் ஒரே சீராக ஈரமாக இருக்கும் ஊரில்கூட மூங்கில் தரை ஒரு நிலைக்கு வந்து அமைந்துவிடும். ஆண்டுக்கு இரண்டு தரம் விரியவும் சுருங்கவும் வைக்கும் ஊர்தான் அதைச் சோதிப்பது.

இதுவரை சொன்னது காற்றில் வரும் ஈரம். மண்ணிலிருந்து வரும் ஈரம் இதைவிட மோசமானது. தரைக்கடைக்காரர்கள் இதைப் பற்றிப் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. மலையில் வீடு கட்டுவது என்றால் சரிவை வெட்டித் தட்டு எடுப்பது என்று பொருள். வெட்டிய மண்ணை ஒட்டியே பின்சுவர் எழும்பும். இடம் குறைவு என்பதால் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகால் விடுவதில் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். மழைக்காலத்தில் மேட்டில் இறங்கிய நீர் சரிவுக்குள்ளேயே நடந்து வந்து அந்தச் சுவரிலும் கான்கிரீட் தளத்தின் அடியிலும் தங்குகிறது. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தை நம்பும், குன்னூர்–கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கை நம்பும். நடுவே இருக்கும் கேத்திக்கு இரண்டிலும் பங்கு உண்டு. 2009 நவம்பர் 10-ஆம் தேதி பதிவான 24 மணி நேர மழை கேத்தியில் 82 சென்டிமீட்டர். அந்த நாட்களில் மாவட்டத்தில் நேர்ந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்படியொரு மழை அடிக்கடி வராது என்பது சரி. ஆனால் இந்த மண் எவ்வளவு தண்ணீரை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. கான்கிரீட் கண்ணுக்குக் காய்ந்தாற்போல் தெரியும், ஆனாலும் மாதக்கணக்கில் ஆவியை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். அதன்மேல் மெல்லிய ஃபோம் ஷீட் விரித்து மூங்கிலைப் போட்டால், பலகையின் அடிப்பக்கம் ஈரமாகவும் மேல்பக்கம் ஹீட்டர் சூட்டில் உலர்ந்தும் இருக்கும். அடி விரிய, மேல் சுருங்க, ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கிக் குழியும்.

வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்கள் பலவற்றில் மரத்தரை தலைமுறைகள் தாண்டி உழைத்ததற்குக் காரணம் மரத்தின் உயர்வு மட்டும் அல்ல. அங்கே தரை மண்ணைத் தொடவில்லை. கல் அடித்தளத்தின்மேல் குறுக்குச் சட்டங்கள், சட்டங்களின்மேல் பலகை, கீழே வெற்றிடம், அந்த வெற்றிடத்துக்குக் காற்று போய்வர வெளிச்சுவரில் இரும்புச் சல்லடை. இன்றைக்குச் சிலர் அந்தச் சல்லடைகளை எலி வருகிறது என்று சிமெண்டு பூசி அடைத்துவிட்டு, இரண்டாம் மழைக்காலத்தில் பலகை இற்றுப்போனதும் மரத்தைத் திட்டுகிறார்கள். மூங்கில் தரைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். ஆனால் சந்தையில் விற்பது ‘தளத்தின்மேல் அப்படியே விரிக்கலாம்’ என்ற வசதி. அந்த வசதிதான் கேத்தியின் தரைமட்ட அறைகளுக்கு ஒத்துவராதது.

இத்தனை குறை சொன்ன பிறகும் மூங்கிலை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. வலுவான காரணம் ஒன்று இருக்கிறது: பாதத்துக்கு இதம். டைல்ஸ் உடம்புச் சூட்டை உடனே உறிஞ்சும், மூங்கில் உறிஞ்சாது. டிசம்பர் விடியலில் கேத்தியில் வெறுங்காலோடு டைல்ஸில் இறங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முதியவர்களும் தவழும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது ஆடம்பரமே இல்லை. இதே குணம் சமவெளியில் குறையாகிறது. சென்னையிலும் மதுரையிலும் வெயிலுக்குக் குளிர்ந்த தரையில்தான் பாய் விரிக்கிறோம். ரெட் ஆக்சைடும் ஆத்தங்குடிக் கல்லும் அங்கே செல்லுபடியானது அதனால்தான். மேலும் நமக்குத் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைத்தால்தான் துடைத்த திருப்தி. பிழியாத துணியால் தினமும் துடைக்கும் வீட்டில் எந்த மூங்கிலும் நெடுநாள் நிற்காது. ஆக, ‘வெப்பமும் ஈரமும்’ உள்ள ஊருக்கு என்று விற்கப்படும் பொருள், வெப்பம் இல்லாத கேத்தியில்தான் தன் அருமையைக் காட்டுகிறது. விளம்பரம் எழுதியவர் இதை யோசித்திருக்க மாட்டார்.

பூச்சி விஷயத்திலும் மலையும் சமவெளியும் ஒன்றல்ல. மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி; மூன்று ஆண்டு முதிராத கழியை வெட்டினால் வண்டு துளைத்து மாவு கொட்டும். தேய்பிறையில் வெட்டு, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போடு என்ற பழைய வழக்கங்களில் ஊறப்போடுவதற்குக் காரணம் வெளிப்படை: சர்க்கரையும் மாவும் கரைந்து போகும். ஆலையில் அந்த வேலையைக் கொதிநீரும் போராக்ஸ்–போரிக் அமிலக் கரைசலும் செய்கின்றன. குளிர் வண்டையும் கரையானையும் ஓரளவு மந்தமாக்குவதால், கேத்தியில் அஞ்ச வேண்டியது பூஞ்சணத்தை. ஒப்பு ஈரப்பதம் 80-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும், கட்டிலுக்கு அடியிலும் கம்பளத்துக்கு அடியிலும் கறுப்புப் புள்ளிகள் தலைகாட்டும். கூடலூர், வயநாட்டுப் பணியர் குடில்களில் மூங்கில் சுவர் நின்றது அடுப்புப் புகையின் தயவில். பழுதான தட்டியைக் கழற்றி அருகிலேயே வெட்டிய புதுத் தட்டியைக் கட்டிக்கொள்ள முடிந்ததும் ஒரு காரணம். எளிதில் மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் மூங்கில் கட்டுமானத்தின் பழைய பலம். அதைப் பசையில் இறுக்கி, 25 ஆண்டு உழைக்கும் என்று சொல்லி விற்கும்போது அந்தப் பலம் போய்விடுகிறது.

பசையைப் பற்றி ஒன்று. மலிவான பலகைகளில் யூரியா ஃபார்மால்டிஹைடு இருக்கும். ஈரத்தில் அது மெல்லச் சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கூடுதலாகவே விடும். குளிருக்குச் சன்னலை இறுக மூடித் தூங்கும் ஊரில் அது நல்லதல்ல. பீனால் வகைப் பசை ஈரத்தை நன்றாகத் தாங்கும். வாங்குகிறவர்கள் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறார்கள், பசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நிறத்திலும் ஒரு விஷயம் உண்டு: காப்பிப் பொடி நிறத்துக்காக நீராவியில் கருக்கிய ‘கார்பனைஸ்டு’ பட்டைப் பலகை, இயல்பு நிறத்ததைவிட மென்மையானது.

சூழலுக்கு நல்லது என்ற வாதத்தைப் பாதிதான் ஏற்க முடியும். மூங்கில் புல் வகை, சில ஆண்டுகளில் முற்றும், வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும், உண்மைதான். ஆனால் கடைகளில் கிடைக்கும் பலகையில் பெரும்பங்கு சீனாவிலிருந்து கப்பலேறி வருவது. இவ்வளவுக்கும் மூங்கில் காடு நீலகிரியின் காலடியிலேயே இருக்கிறது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற சட்ட வரையறையிலிருந்து 2017-இல் நீக்கினார்கள். உழவர்கள் பயிரிட்டு வெட்டி விற்கத் தடை குறைந்தது. 1971-இல் அங்கமாலியில் தொடங்கிய கேரள மாநில மூங்கில் கழகம், கோழிக்கோட்டை அடுத்த நல்லளத்தில் மூங்கில் தரைப் பலகைக்கென்றே ஆலை வைத்தது. கேத்தியிலிருந்து அது ஒரு நாள் லாரிப் பயணத்துக்குள் அடங்கும். திரிபுரா மூங்கில், 2023 மே மாதம் திறந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் தரைக்கே போயிருக்கிறது. அதைக் காட்டி விற்பவர்களும் உண்டு. முழு நேரமும் குளிர்சாதனம் ஓடும் மண்டபத்தில் உழைப்பதைக் கேத்தி வீட்டுக்குச் சான்றாகக் காட்டுவது பொருத்தமில்லை.

உத்தரவாதத் தாளை முழுக்கப் படித்தால் இந்த வழக்கு இன்னும் தெளிவாகும். பல நிறுவனங்களின் தாளில், அறையின் ஒப்பு ஈரப்பதம் 40-க்கும் 60-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொடி எழுத்தில் இருக்கும். ஈரமகற்றும் கருவி வைக்காத கேத்தி வீட்டில் மழைக்காலத்தில் அது நடக்காது. அதாவது பெட்டியைப் பிரித்த முதல் ஜூலையிலேயே உத்தரவாதம் காலாவதி.

என் கணிப்பில் கேத்தியில் மூங்கில் தரைக்கு இடம் மாடியில்: கீழே ஆட்கள் புழங்கும் அறை இருக்கும் படுக்கையறைகள், படிக்கும் அறை. தரைமட்டத்தில் போட்டே ஆக வேண்டுமென்றால் சட்டம் அடித்து, அடியில் காற்று ஓட விட்டு, அதன்மேல் போடலாம். சமையலறை, வாசல் நடை, வெட்டுமண்ணை ஒட்டிய பின்னறை ஆகியவற்றுக்குச் சிமெண்டுத் தரையும் கயிற்றுப் பாயும் மேல். முடிவெடுக்குமுன் தளத்தில் ஒரு பாலிதீன் ஷீட்டை நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்துப் பார்க்கலாம். அடியில் நீர் முத்து கட்டினால் அந்த அறையை மறந்துவிடலாம். இதை மழைக்காலத்தில் செய்ய வேண்டும். பிப்ரவரியில் எல்லா அறையும் தேறிவிடும். பலகை பதிப்பதைப் பிப்ரவரியிலும் செய்யாமல் ஜூலையிலும் செய்யாமல் இரண்டுக்கும் நடுப்பட்ட மாதங்களில் வைத்துக்கொண்டால், விரிவும் சுருக்கமும் இரு பக்கமும் பங்காகும். அதற்கு முன் பெட்டிகளைப் பிரித்து அதே அறையில் இரண்டு மூன்று வாரம் பலகையைப் பழக விட வேண்டும். விடுதிக்காரர்கள் இந்த இரண்டு மூன்று வாரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், சீசன் தொடங்கிவிடும் என்ற அவசரத்தில்.

இன்னொன்று பழுது பார்ப்பது. தேக்குப் பலகை ஒன்று கெட்டால் குன்னூர் ஆசாரி அதே அளவில் இழைத்து வைத்துவிடுவார். நாக்கும் பள்ளமுமாகக் கோத்துக்கொள்ளும் மூங்கில் பலகையை அவரால் செய்ய முடியாது; மூன்று வருடம் கழித்து அந்த வகையே சந்தையில் இல்லாமலும் போகலாம். வாங்கும்போதே இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கி, அட்டத்தில் போடாமல் உலர்ந்த அலமாரியில் படுக்கைவாக்கில் அடுக்கிவைப்பது நல்லது.