வாராத கதையை வாசிப்போர்: ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் ஊகங்கள் பற்றிய ஒரு திறனாய்வு

பகுதி பகுதியாக வெளிவரும் கதைக்குத் தனித்தன்மை ஒன்றுண்டு. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆசிரியர் மௌனமாயிருக்கிறார். வாசகர் பேசத் தொடங்குகிறார். சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1870ஆம் ஆண்டில் தமது இறுதி நாவலை முடிக்காமலே மறைந்தபோது, அதன் மர்மத்தை விடுவிக்க முற்பட்டோர் பலர். அம்முயற்சி இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. அத்தகைய முயற்சி நம் தலைமுறையில் மிகப் பெரிய அளவில் நிகழ்ந்தது ஸ்டார் வார்ஸ் என்னும் விண்வெளிப் புனைவுத் திரைப்படத் தொடரைச் சுற்றியே எனலாம். 1977 மே மாதம் அமெரிக்காவில் தொடங்கிய இத்தொடரின் மையக் கதை, மும்மூன்று படங்களாக ஒன்பது படங்களில் 2019 டிசம்பரில் நிறைவுற்றது. அந்நாற்பத்திரண்டு ஆண்டுகளில் ரசிகர்கள் படங்களைப் பார்த்ததைவிட, வாராத படங்களைப் பற்றி வாதிட்ட நேரமே மிகுதி என்று கூறினும் பிழையாகாது.

இறையியல் ஏட்டில் இதற்கு இடமேது என்று வாசகர் வினவக்கூடும். பனுவலை விளக்குதல் நமது பணி. இந்த ரசிகர்களோ, தாம் அறியாமலே, நமது பணியின் கருவிகளைக் கையாளுகின்றனர். அடையாளங்களைத் தொகுக்கின்றனர், இணைப் பகுதிகளை ஒப்பிடுகின்றனர், முரண்பாடுகளை இசைவிக்கின்றனர், எது திருமுறைக்கு உட்பட்டது, எது புறம்பானது என வரையறுக்கின்றனர். ரசிகர்தம் பேச்சில் ‘திருமுறை’ என்னும் சொல் புகுந்த வரலாறே சுவையானது. பிற்காலத்தில் கத்தோலிக்கக் குருவாகித் திருமறையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ரானல்ட் நாக்ஸ், 1911இல் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அன்றைய திருமறைத் திறனாய்வு முறைகளை எள்ளி நகையாடவே அதனை அவர் எழுதினார். அக்கேலியே பின்னர் ஹோம்ஸ் வாசகரிடையே மெய்யான வழக்கமாயிற்று. அங்கிருந்து ஏனைய ரசிகர் குழாங்களுக்கும் பரவிற்று. நம்மிடமிருந்து சென்ற சொல் எவ்வாறு வாழ்கிறது என்று காண்பது தகும்.

ரசிகர்களின் ஊகங்களை மூன்று வகையாகப் பகுக்கலாம். முதலாவது, பனுவலில் விதைக்கப்பட்ட குறிப்பிலிருந்து எழும் ஊகம். 1980இல் வெளிவந்த ‘த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில், லூக் ஸ்கைவாக்கரின் தந்தை தானே எனக் கொடியோன் டார்த் வேடர் அறிவிக்கிறான். அதே படத்தில், லூக் தவறினும் நம்பிக்கைக்கு இடமாக இன்னொருவர் உண்டு என முதிய ஆசான் யோடா கூறுகிறார். வேடர் கூறியது மெய்யா, அந்த இன்னொருவர் யார் என்னும் இரு வினாக்களையும் பற்றி மூன்றாண்டுகள் விவாதம் நடந்தது. வேடரின் குரலாக ஒலித்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்கூட, அவ்வசனத்தை முதன்முதல் படித்தபோது வேடர் பொய்யுரைக்கிறான் என்றே எண்ணியதாகப் பின்னர் தெரிவித்தார். 1983இல் விடை வந்தது: வேடர் உரைத்தது மெய், இன்னொருவர் லேயா. இவ்வகை ஊகம் பயனுடையது. மீண்டும் பனுவலிடம் சென்று உற்றுநோக்கச் செய்கிறது.

இரண்டாவது, தொடரின் போக்கிலிருந்து பெறும் ஊகம். முன்பு நிகழ்ந்தது மறுபடியும் நிகழும் என்னும் எதிர்பார்ப்பே இதன் அடிப்படை. மூன்றாவது, விருப்பத்திலிருந்து பிறக்கும் ஊகம். தாம் நேசிக்கும் பாத்திரம் வாழவேண்டும், வெறுப்பது வீழவேண்டும் என்னும் ஆவலைச் சான்றுகளால் போர்த்திக்காட்டுவது அது. நடைமுறையில் இம்மூன்றும் கலந்தே வரும். விருப்பம் குறிப்பின் உடையை அணிந்துகொண்டு வருவதை இனங்காணுதலே திறனாய்வாளரின் கடமை.

இவ்வூகங்கள் அனைத்திற்கும் பின்னால் ஓர் எண்ணம் மறைந்துள்ளது. ஆசிரியர் தொடக்கத்திலேயே முடிவை அறிந்திருந்தார், அம்முடிவைப் பனுவலில் ஒளித்துவைத்தார் என்பதே அது. வரலாறு இதனை ஆதரிக்கவில்லை. இரண்டாம் படத்திற்கு லீ பிராக்கெட் 1978இல் எழுதிய முதல் வரைவில் லூக்கின் தந்தை ஆவியாகத் தோன்றி மகனிடம் பேசுகிறார். வேடர் வேறோர் ஆள். ஆகவே, உலகெங்கும் அறியப்பட்ட அந்தத் தந்தை மகன் உறவு முதற்படம் வெளிவந்த பின்னரே உருப்பெற்றது. ஒரே ஆசிரியரின் மனத்திலேயே கதை இவ்வாறு வளர்ந்ததென்றால், பலர் கைமாறிய படங்களைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

2012இல் டிஸ்னி நிறுவனம் லூக்காஸ் பிலிம் நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. 2014 ஏப்ரலில், அதுவரை வெளிவந்த நாவல்களும் சித்திரக் கதைகளும் இனித் திருமுறைக்கு உட்பட்டவையல்ல, பழங்கதைகளே என அறிவிக்கப்பட்டது. பல்லாண்டுகளாக வாசகர் போற்றிய நூல்கள் ஓர் அறிவிப்பினால் புறம்பாயின. நாம் அறிந்த திருமுறை, வழிபடும் சமூகத்தின் நெடுங்காலப் பயன்பாட்டில் உருவாகி ஏற்கப்பட்டது. இங்கோ திருமுறையை வரையறுப்பது உரிமையாளரின் ஆணை. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. ரசிகர்களின் மனத்தாங்கலில் ஒரு பகுதி இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. அதில் நியாயமும் உண்டு.

இனி, மையமான எடுத்துக்காட்டுக்கு வருவோம். 2015 டிசம்பரில் வெளிவந்த ‘த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில், பாலைவனக் கோளொன்றில் பழைய உலோகத் துண்டுகளைப் பொறுக்கிப் பிழைக்கும் ரே என்னும் இளம்பெண் அறிமுகமாகிறாள். அவளிடத்தில் அரிய ஆற்றல் வெளிப்படுகிறது. உடனே எழுந்த வினா, அவள் என்ன செய்வாள் என்பதன்று. அவள் யாருடைய மகள் என்பதே. லூக்கின் மகள் என்றனர் சிலர். அவளுடைய காட்சியொன்றில் ஓபி-வானின் குரல் ஒலித்தமையால் அவருடைய வழித்தோன்றல் என்றனர் வேறு சிலர். பிறப்பின்றி ஆற்றல் வாராது என்னும் கருத்தை இரு சாராரும் கேள்வியின்றி ஏற்றிருந்தனர்.

2017இல் ரையன் ஜான்சன் இயக்கிய ‘த லாஸ்ட் ஜெடை’ அதற்கு அளித்த விடை கூர்மையானது. ரேயின் பெற்றோர் யாருமல்லர். குடிப்பதற்குக் காசு பெற மகளையே விற்றவர்கள். அப்படத்தின் இறுதிக் காட்சியில் குதிரை லாயத்தில் வேலைசெய்யும் பெயரற்ற சிறுவன் ஒருவன், கைபடாமலே துடைப்பத்தைத் தன்னிடம் ஈர்க்கிறான். அவ்விசை எவருடைய குலச்சொத்தும் அன்று என்பதே கருத்து. நமது மதிப்பீட்டில், அத்தொடர் தன்னைக் குறித்துக் கூறிய சொற்களுள் இதுவே மிகத் துணிவானது. ஊகித்தோர் பிழைபட்டது சான்றுகளில் அன்று. வினாவிலேயே பிழை இருந்தது.

எனினும் இவ்விடை நிலைக்கவில்லை. 2019இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் இயக்கிய ‘த ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்’ படத்தில் ரே, பேரரசன் பால்படீனின் பேத்தியாக்கப்பட்டாள். அவளது பிறப்பு பற்றிய முடிவு படப்பிடிப்பின்போதும் மாறிக்கொண்டேயிருந்ததாக நடிகை டெய்சி ரிட்லி 2020இல் ஒரு நேர்காணலில் கூறினார். இம்மாற்றத்தை ஆதரிப்போரின் வாதத்தையும் செவிமடுக்கவேண்டும். ரே தன் பாட்டனைப் புறக்கணித்து, இறுதியில் ஸ்கைவாக்கர் என்னும் பெயரைத் தானே தெரிந்துகொள்கிறாள். ஆகவே தெரிவு இரத்தத்தை வென்றது என்பர். இவ்வாதத்திற்கு வலிமையுண்டு. ஆயினும், தீய குலத்தை உதறி நல்ல குலத்தின் பெயரைச் சூடுதல், குலமே முதன்மையானது என்னும் எண்ணத்தை அசைப்பதில்லை. அவளுடைய ஆற்றலுக்குக் காரணம் மீண்டும் பிறப்பாயிற்று. லாயத்துச் சிறுவனுக்கு அப்படத்தில் மறுமொழி இல்லை.

ஊகம் எல்லைமீறும் இடத்தையும் சுட்டவேண்டும். எதிர்பார்த்தல் வேறு, உரிமைகோரல் வேறு. 2017ஆம் ஆண்டுப் படத்தில் ரோஸ் என்னும் பாத்திரமேற்ற நடிகை கெல்லி மேரி டிரான், தம்மீது பொழியப்பட்ட வசைகளைத் தாளாமல் 2018இல் தம் சமூக ஊடகப் பதிவுகளை அகற்றினார். இனவெறுப்பும் பெண்வெறுப்பும் அவ்வசைகளில் வெளிப்பட்டன. ஊகம் பொய்த்த ஏமாற்றத்தை மட்டும் அதற்குக் காரணம் காட்டுதல் தகாது. ஆயினும், கதை தமக்குக் கடன்பட்டது என்னும் மனநிலை, ஏற்கெனவே உள்ள வெறுப்புக்கு நியாயத்தின் முகத்தைத் தருகிறது. இது வெறும் பொழுதுபோக்கே, இதனை ஆராய்வானேன் என்போர் இந்நிகழ்ச்சியைக் கருதுவாராக.

2023 ஏப்ரலில் லண்டனில் நடந்த ரசிகர் விழாவில், ரே புதிய ஜெடை அமைப்பை உருவாக்கும் கதையொன்று திரைப்படமாகும் என அறிவிக்கப்பட்டது. அன்றே ஊகங்களும் தொடங்கின. அவற்றை ஒழிக்க எவராலும் இயலாது, ஒழிக்க வேண்டியதுமில்லை. ஆனால் ஊகத்தை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அது பலித்ததா என்பது சிறிய அளவுகோல். நம்முன் உள்ள பனுவலை அது இன்னும் நேர்மையாக வாசிக்கச் செய்ததா என்பதே பெரியது. நாம் கேட்ட கேள்வியை ஆசிரியர் மறுக்கும்போது, அம்மறுப்பையும் விடையாக ஏற்கும் மனம் வாசகர்க்கு வேண்டும். அம்மனம் இல்லாதவன் எந்நூலைத் திறப்பினும் தான் முன்பே எழுதிவைத்ததையே அதில் படிப்பான். விளக்கவுரை பயிலும் மாணவர், பிரசங்க மேடைக்கு ஏறுமுன் சிந்திக்கவேண்டிய உண்மை இது.