காம்பவுண்டுக்கு வெளியே

'டொயோட்டா புரொடக்‌ஷன் சிஸ்டம்' என்று ஒரு புத்தகம். எழுதியவர் தாயிச்சி ஓனோ, அந்தக் கம்பெனியின் இன்ஜினீயர். ஜப்பானில் 1978-ல் வந்தது, ஆங்கிலத்தில் 1988-ல். கார் ஓட்டத் தெரியாதவர்களும் படிக்கலாம். எனக்குத் தெரியாது, படித்தேன்.

ஓனோ ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு புத்தகம் பூராவும் போகிறார். 'முடா'. நெடில் போட்டுவிடாதீர்கள், திட்டுகிற மாதிரி ஆகிவிடும். 'வீண்' என்று அர்த்தம். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, தூக்கிச் சுமப்பது, வேண்டாத வேலை, குவித்து வைப்பது, அநாவசிய அசைவு, பழுது என்று ஏழு வகை வீண். இதில் முதல் குற்றவாளி தேவைக்கு மேல் செய்வதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்கிறார். போரில் தோற்ற ஜப்பானில் இரும்புக்கும் பஞ்சம், பணத்துக்கும் பஞ்சம். 1950-ல் டொயோட்டாவே திவாலாகும் நிலைக்கு வந்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. சிக்கனம் அவர்களுக்குக் கொள்கை இல்லை, சோறு. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் வாங்க வந்தவர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புகிறார்களே, அந்த யோசனையைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார் ஓனோ. அடுத்த மேஜையிலிருந்து 'கான்பன்' சீட்டு வந்தால்தான் இந்த மேஜைக்காரர் அடுத்த பாகத்தைத் தொடுவார்.

நான் இதைப் படித்தது பீர்க்கன்கரணையில். ஓனோவைப் பரீட்சை பண்ண இதைவிட நல்ல இடம் கிடையாது. பக்கத்துப் பெருங்களத்தூரில்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் இருந்தது. ஹெரால்டு என்றால் இன்றைக்கும் சில பெரியவர்களுக்கு முகம் மலரும். அதே கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' கொண்டுவந்தது. வெளியே பிரிட்டிஷ் ரோவரின் ஜோரான உடம்பு. உள்ளே 1940-களின் வான்கார்டு வம்சத்து ரெண்டு லிட்டர் என்ஜின். பயில்வானுக்குக் கிழவரின் இதயம் வைத்த மாதிரி. மாருதி 800 வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்த சமயம், யார் வாங்குவார்கள்? 1988-ல் தயாரிப்பு நின்றது. ஓனோ இங்கிலீஷ் பேச ஆரம்பித்த அதே வருஷம்!

யாரும் கேட்காத காரைச் செய்தது முதல் வகை வீண், சரி. அதைச் செய்யக் கற்றிருந்த கைகள் எந்த வகை? ஏழில் அதற்கு இடமில்லை. பயன்படுத்தாத திறமையை எட்டாவதாகச் சேர்த்தது பின்னால் வந்தவர்கள். இப்போது அந்த நிலத்தில் சாஃப்ட்வேர் ஆபீஸ்களும் அடுக்குமாடிகளும்.

புத்தகத்தின் மேல் என் புகார் இதுதான். காம்பவுண்டு சுவருக்குள் ஓனோவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வெளியே பார்வை மங்குகிறது. அவரைக் காப்பியடித்தவர்களுக்கு வெளியே என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

இந்தப் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர் சொன்னார்: "அவங்க கிடங்குல ஒரு போல்ட் கிடையாது ஸார், அவ்வளவு சிக்கனம். எல்லாம் என் ஷெட்டுல கிடக்கு. வட்டி நான் கட்டறேன்." யாருக்குச் சப்ளை என்று கேட்டேன். சிரித்தார். நானும் வற்புறுத்தவில்லை. ஓனோ பாகம் கொடுப்பவர்களைக் கூட்டிவந்து, காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொடுத்ததை எழுதியிருக்கிறார். பலரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

உள்ளேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்வதற்கில்லை. கார் உடம்புக்காக வாங்கும் தகட்டில் சராசரியாக 56 சதவீதம்தான் காரில் போய்ச் சேர்கிறது என்று 2017-ல் ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வு சொன்னது. மீதி வெட்டிய துண்டு. திரும்ப உருக்கலாம், ஆனால் உருக்கும் நெருப்பு ஓசியில் வருமா?

ஜி.எஸ்.டி. ரோட்டில் இன்னும் தெற்கே போனால் மறைமலைநகர். 1999-ல் ஃபோர்டு ஐகான் புறப்பட்ட இடம். 2021-ல் மூடப்போவதாக அறிவித்தார்கள், 2022 ஜூலையில் கடைசி கார். 2025-ல் அங்கே என்ஜின் செய்யப்போவதாக அரசோடு ஒப்பந்தம். நடுவில் ஒரு முழுத் தொழிற்சாலை சும்மா நின்றது. காத்திருப்பது ரெண்டாவது வகை வீண் என்பது ஞாபகமிருக்கிறதல்லவா?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஏரிகள் வறண்டு சென்னை குடத்தோடு அலைந்த 2019-ல் கோயம்பேட்டில் ஒரு நிலையம் வந்தது. நம் கழிவுநீரைத் தினம் நாலரைக் கோடி லிட்டர் வரை சுத்தம் செய்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிற ஏற்பாடு. நாம் குளித்த தண்ணீர் கார் செய்யப் போகிறது! ஓனோ பார்த்திருந்தால் ஓர் அத்தியாயம் சேர்த்திருப்பார்.

புத்தகத்தை லேத் நண்பரிடம் கொடுத்திருந்தேன். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். ஒரே இடத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகியிருந்தார், கற்றுக்கொடுத்ததைப் பற்றிய பக்கம். "இதை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கவா ஸார்?"