‘குடும்பமாக நடத்தும் கடை’

லண்டனின் பழைய காலை உணவுக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘குடும்பமாக நடத்தும் கடை’ என்பதைப் பாராட்டுப் பத்திரம்போல நீட்டுகிறார்கள். பொரித்த முட்டை, பேக்கன், சாசேஜ், பீன்ஸ், வாட்டிய தக்காளி, கூடவே கடுந்தேநீர் என்று வரும் அந்தத் தட்டு எனக்கும் பிடிக்கும். அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. குடும்பத்தில் யார் அடுப்படியில் நிற்கிறார், யார் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று அது சொல்வதில்லை.

ஆங்கில உணவு என்று பெயரே தவிர, லண்டனில் அதைப் பரிமாறிய பழைய கடைகளில் பல, இத்தாலியிலிருந்து வந்தவர்களுடையவை. பெத்னல் கிரீன் சாலையிலுள்ள பெல்லிச்சி 1900 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. 2005இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது. உள்ளே 1946இல் அகில்லே கபோச்சி செய்த மரப்பதிப்பு வேலைப்பாடு அதற்கு முக்கியக் காரணம். தச்சரின் பெயர் நிலைத்துவிட்டது, மகிழ்ச்சி. கிரே சகோதரர்கள் என்ற இரட்டை ரவுடிகள் இங்கே வந்து சாப்பிட்ட கதையும் நிலைத்துவிட்டது. முகப்பில் ‘எ. பெல்லிச்சி’ என்று இருக்கிறதே, அந்த ‘எ’ யார்? எலிதே. கணவர் இறந்தபின் பிள்ளைகளையும் வளர்த்து, கடையையும் நடத்தியவர். கைம்பெண்ணான பிறகு ஒருத்திக்குப் பலகையில் ஓரெழுத்தாவது கிடைத்தது. கணவர் உயிரோடிருந்த எத்தனையோ கடைகளில் அதே வேலையைச் செய்த மனைவிகளுக்கு அதுவும் இல்லை.

1940 ஜூன் 10ஆம் தேதி இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டனில் இத்தாலியக் கடைகளின் கண்ணாடிகள் நொறுங்கின. ஆண்களைக் காவலில் வைத்தார்கள். அவர்களில் பலரைக் கனடாவுக்கு ஏற்றிச்சென்ற ‘அரண்டோரா ஸ்டார்’ கப்பல் ஜூலை 2ஆம் தேதி மூழ்கடிக்கப்பட்டது. 400க்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் இறந்தார்கள். கடைக்காரர்களும் பணியாளர்களும் அதில் அடக்கம். உடைந்த கண்ணாடியைப் பெருக்கிவிட்டு அடுப்பைப் பற்றவைக்க வேண்டியிருந்தவர்கள் பெண்கள். இத்தாலியரை மணந்த பிரிட்டிஷ் பெண்ணுக்கும் சொந்த ஊரில் அந்நியப் பட்டம்தான். மணத்தால் அவள் குடியுரிமை பறிபோகும் சட்டம் 1948இல்தான் மாற்றப்பட்டது. ‘மூன்று தலைமுறைக் கடை’ என்று தாத்தா, அப்பா, மகன் என எண்ணுகிறவர்கள் இந்த ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவார்கள்?

அந்தத் தட்டு எளிய சமையல் என்று நினைப்பவர்கள் பத்துப் பேருக்கு ஒரே நேரத்தில் போட்டுப் பார்க்கட்டும். சாசேஜுக்கு நேரம் வேண்டும், அது முதலில். பிறகு பேக்கன். அதன் கொழுப்பில் ரொட்டி. தக்காளி குழையக் கூடாது. முட்டை கடைசியில், மஞ்சள் கரு உடையாமல். ஒருவருக்குக் காளான் வேண்டாம், இன்னொருவருக்கு முட்டை இரண்டு. எல்லாம் சூடாக, ஒன்றாக மேசைக்கு வர வேண்டும். விடியுமுன் தொடங்கும் இந்த வேலையை ஹோட்டல் சமையற்காரர் செய்தால் தொழில் திறமை. குடும்பக் கடையில் ஒரு பெண் செய்தால் ‘அம்மாவின் அன்பு’. அன்புக்குச் சம்பளம் கேட்பது அசிங்கம் அல்லவா!

இதைப் பெல்லிச்சி மீதான புகாராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டமே இப்படித்தான் நினைக்கிறது. பிரிட்டனின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1999இல் நடைமுறைக்கு வந்தது. முதலாளியின் வீட்டிலேயே வசித்து, அவருடைய குடும்பத் தொழிலில் பங்கெடுக்கும் குடும்பத்தினருக்கு அது பொருந்தாது. விதியில் மகன், மகள் என்ற பேதம் கிடையாது. ஆனால் மகனுக்குக் கடை வந்து சேரும் என்ற எதிர்பார்ப்பாவது இருக்கும். மணமாகிப் போகும் மகளுக்கு, அவள் தட்டுக் கழுவிய பத்து வருடத்துக்கு, எதுவும் இல்லை.

அடுத்த கடையைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வருகிறவர்கள் மரப்பலகையை அளந்து முடித்தபின் சம்பளப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.