பூதத்தை அடக்கும் பிள்ளைகள்

பூதம் பிள்ளையை மிரட்ட வருகிறதா, பிள்ளைக்கு அடங்க வருகிறதா? சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கான பூதக் கதை எதையும் இந்தக் கேள்வியால் எடைபோட்டுவிடலாம். ஆங்கிலப் படக்கதைகளில் இன்றும் நிலைத்து நிற்பவை பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவையே.

இந்த வழியை அகலத் திறந்தவர் அமெரிக்க ஓவியர் மாரிஸ் சென்டாக். 1963-இல் வந்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ நூலில், சேட்டை செய்த மாக்ஸை அம்மா இரவுச் சாப்பாடு தராமல் அறைக்கு அனுப்பிவிடுகிறாள். அந்த அறையிலேயே காடு முளைக்கிறது. பூதங்களைக் கண்ணிமைக்காமல் பார்த்தே அடக்கி, அவன் அவற்றுக்கு ராஜா ஆகிறான். முதலில் பக்கத்தின் நடுவே சிறிதாக இருக்கும் படம், கதை போகப்போகப் பெரிதாகிக்கொண்டே வருகிறது. பூதங்களோடு அவன் போடும் ஆட்டத்தில் அது எழுத்தையே வெளியே தள்ளிவிட்டு, மூன்று இரட்டைப் பக்கங்களை முழுதாக நிறைக்கிறது. ஆட்டம் ஓய்ந்து வீடு திரும்பினால், சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறது. சாப்பாடு மறுக்கும் அம்மாவைக் காட்டலாமா என்று உளவியலாளர் புருனோ பெட்டல்ஹைம் கண்டித்தார். 1964-இல் கால்டெகாட் பதக்கம் பெற்ற அந்த நூலைப் பிள்ளைகள் கைவிடவே இல்லை.

பின்வந்தவர்கள் புத்தகத்தையே விளையாட்டுப் பொருளாக்கினார்கள். ஜான் ஸ்டோன் 1971-இல் எழுதிய கதையில், கடைசிப் பக்கத்தில் பூதம் இருக்கிறது என்று நடுங்கும் கதைநாயகன் குரோவர், பக்கத்தைப் புரட்டாதே என்று கெஞ்சுகிறான். கயிற்றால் கட்டுகிறான், பலகை அடிக்கிறான், செங்கல் சுவரே எழுப்புகிறான். பிள்ளை ஒரே விரலால் அத்தனையையும் தகர்க்கிறது. கடைசியில் இருக்கும் பூதம் குரோவரேதான்! எட் எம்பர்லியின் பச்சைப் பூதமோ துளையிட்ட தாள்களின் வழியே கண், மூக்கு, பல் எனத் துண்டு துண்டாக உருவாகிறது. பிள்ளை ‘போ’ என்றதும் ஒவ்வொன்றாக மறைகிறது.

டேவிட் மெக்கீயின் ‘நாட் நௌ, பெர்னார்ட்’ (1980) பெற்றோருக்கும் பாடம் சொல்கிறது. பூதம் தங்கள் மகனை விழுங்கிவிட்டு வீட்டுக்குள் வந்த பிறகும், அப்பாவும் அம்மாவும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஜூலியா டொனால்ட்சனின் ‘த கிரஃபலோ’ (1999), புலியின் பெயரால் தப்பிக்கும் நரியைப் பற்றிய சீனக் கதையிலிருந்து பிறந்தது. இந்தப் பூதக் கதையில் சுண்டெலி தன் புத்தியை நம்பியே பிழைக்கிறது.

பயம் இல்லாத கதையைப் பிள்ளைகள் கேட்பதில்லை. பயத்தின் கடிவாளம் தங்கள் கையில் இருக்கவேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். மடியில் உட்கார்ந்து, தெரிந்த குரலில் கேட்கும்போது அந்தத் துணிச்சல் தானாக வருகிறது. நம் வீடுகளில் பூச்சாண்டியைக் கூப்பிட்டுச் சோறூட்டியது போதும். பிள்ளை அதட்டினால் அடங்கும் பூச்சாண்டியை நம் எழுத்தாளர்கள் படைக்கட்டும். அதை வாய்விட்டு வாசித்துக் காட்டும் வேலையைப் பெற்றோர் ஏற்கட்டும்.