ஒற்றை மானாவின் காவல்

மேஜிக் கார்டு ஆட்டத்தில், தாக்கப் போன உங்கள் 2/2 (தாக்கும் வலு 2, தாங்கும் வலு 2) கிரியேச்சர் மேல் எதிராளி ‘லைட்னிங் போல்ட்’ வீசுகிறார். ஒரு சிவப்பு மானா, மூன்று சேதம். உங்களிடம் இன்னும் டேப் செய்யாத, அதாவது மானாவுக்காகச் செலவழிக்காத, காடு ஒன்றுதான் மிச்சம். அதில் ‘பிளாஸமிங் டிஃபென்ஸ்’ இறங்குகிறது: +2/+2, கூடவே அந்த டர்ன் முடியும்வரை ஹெக்ஸ்ப்ரூஃப், அதாவது எதிராளி அதைக் குறிவைக்க முடியாது. போட்ட கார்டுகள் காத்திருக்கும் ஸ்டாக்கில் கடைசியாக ஏறியதே முதலில் நிறைவேறும் என்பதால், போல்ட்டின் முறை வரும்போது அதன் குறி செல்லாததாகிவிடுகிறது. எதிராளிக்கு ஒரு கார்டு நட்டம்; உங்கள் கிரியேச்சர் 4/4 ஆக நின்று அடிக்கிறது.

1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’கில் பிளாஸமிங் டிஃபென்ஸ் வந்தது 2016-ன் ‘கலாதேஷ்’ தொகுப்பில். இந்தியச் சாயலில் வரைந்த உலகம் அது. பின்னர் அதற்கு அவிஷ்கார் என்று பெயர் மாற்றினார்கள். நகரம் முழுக்கக் கண்டுபிடிப்பாளர்கள், பட்டறைகள், எந்திரங்கள். 1937-லேயே ஜி.டி. நாயுடு மின்மோட்டார் செய்து காட்டிய கோவையில் வளர்ந்த எவருக்கும் அந்தப் படங்களில் ஒரு சொந்தம் தெரியும். எனக்குத் தெரிகிறது.

புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் பெரிய பிழை, இந்தக் கார்டை வலுவேற்றியாக மட்டும் பார்ப்பது. எதிரே 3/3 மறித்து நிற்கிறது, +2/+2 போட்டால் ஜெயித்துவிடலாம் என்று அவசரமாக முந்திக்கொள்வார்கள். எதிராளியிடம் சிவப்பு மானா திறந்திருந்தால் அதே நொடியில் போல்ட் பறக்கும். இப்போது அவருடைய போல்ட்தான் ஸ்டாக்கின் மேலே இருக்கிறது. கிரியேச்சரும் போச்சு, காவல் கார்டும் போச்சு. அவருக்குச் செலவு ஒரே கார்டு. அவர் முதலில் கை நீட்டட்டும், அதற்குப் பதிலாகவே நீங்கள் போடுங்கள். எதிராளியின் டர்னிலும் அந்தக் காடு திறந்தே இருக்க வேண்டும். இன்னொரு குட்டி கிரியேச்சரை இறக்கும் ஆசையில் அதை டேப் செய்வதை எத்தனையோ ஆட்டங்களில் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

லாபம் மானாவில்தான் மறைந்திருக்கிறது. கிரியேச்சரைக் கொல்லும் மூன்று மானா ‘மர்டர்’ கார்டை ஒற்றை மானாவால் முறித்தால், எதிராளியின் டர்னில் பாதி கரைந்தது. 2017-ல் அதே உலகத்தின் அடுத்த தொகுப்பில் கிரியேச்சரைக் கொல்லும் ‘ஃபேட்டல் புஷ்’ வந்தது. அதுவும் ஒரே மானா என்பதால் அங்கே சரிக்குச் சரிதான். பத்து விஷக் கவுண்டரில் ஆட்டத்தை முடிக்கும் இன்ஃபெக்ட் டெக்குகளை அது ரொம்பவே நெருக்கியது. ஆனாலும் ‘கிளிஸ்டனர் எல்ஃப்’ போன்ற 1/1-ஐ நம்பி ஆடுகிறவருக்கு, காப்பாற்றிக்கொண்டே இரண்டு விஷம் கூட்டித் தரும் கார்டு அபூர்வம்.

குறி வைக்காத அடிக்கு இந்தக் காவல் செல்லாது. ‘ராத் ஆஃப் காட்’ மொத்தக் களத்தையும் துடைக்கும்போது ஹெக்ஸ்ப்ரூஃப் பயன்படாது. அங்கே 2022-ல் வந்த ‘டாமியோஸ் சேஃப்கீப்பிங்’ வேண்டும். அதே ஒற்றைப் பச்சை மானாவில் அழியாத்தன்மையும் தருகிறது. நம் கிரியேச்சரை நாமே பலியிட வைக்கும் ‘டயபாலிக் எடிக்ட்’ வகைக்கு இரண்டுமே பதிலாகாது. 40 கார்டு டெக்கில் இவற்றில் இரண்டு போதும் என்பேன். அதுவும் காப்பாற்றத் தகுந்த கிரியேச்சர்கள் நிறைய இருந்தால்.