மென்பொருளும் பண்புசார் ஆய்வும்: ஒரு மதிப்பீடு

ஆய்வுக்குக் கருவி வேண்டும். கருவியே ஆய்வாகிவிடுதல் கூடாது. இதனை மறுப்பார் இலர். ஆயினும், நேர்காணலையும் வாய்மொழி வழக்காற்றையும் தரவாகக் கொண்டு எழும் ஆய்வேடுகள் சிலவற்றில், “தரவுகள் இன்ன மென்பொருளின் துணையால் பகுத்தாராயப்பட்டன” என்னும் ஒரு தொடரே ஆய்வுமுறை பற்றிய விளக்கம் முழுவதுமாக நிற்கக் காண்கிறோம். பண்புசார் தரவுகளை ஆராய உதவும் மென்பொருள்கள் எவ்விடத்து ஆய்வாளர்க்குத் துணையாவன, எவ்விடத்து அவர்தம் பொறுப்பை மறைப்பன என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவை தோன்றிய சூழலை முதற்கண் நோக்குவோம். கிளேசர், ஸ்ட்ராஸ் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் இருவர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்று, தரவிலிருந்தே கோட்பாட்டை உருவாக்கும் நெறியை வகுத்துக் காட்டியது. தரவின் பகுதிகளுக்குப் பெயரிட்டு, அவற்றை ஒன்றோடொன்று இடையறாது ஒப்பிட்டுக் கருத்தாக்கங்களை அடைவது அந்நெறி. அவ்வாறு பெயரிடுதலைக் குறியிடுதல் என்பர். தாள்களைக் கத்தரித்தும் வண்ணக் கோடிட்டும் இப்பணியைச் செய்துவந்த ஆய்வாளர்க்கு 1980களில் கணிப்பொறி கைகொடுத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள லா டிரோப் பல்கலைக்கழகத்தில் சமூகவியலார் லின் ரிச்சர்ட்ஸும் கணிப்பொறி அறிஞர் டாம் ரிச்சர்ட்ஸும் ‘நட்இஸ்ட்’ என்னும் மென்பொருளை ஆக்கினர். அதன் வழிவந்த ‘என்விவோ’ 1999இல் வெளிப்போந்தது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்றிலிருந்து ‘அட்லஸ்.டிஐ’ தோன்றியது.

இவை செய்யும் பணி யாது? ஆய்வாளர் உரையின் ஒரு பகுதியைத் தெரிந்து அதற்குக் குறியிடுகின்றார். அக்குறி பெற்ற பகுதிகள் அனைத்தையும் மென்பொருள் நொடிப்பொழுதில் ஒருங்கு திரட்டித் தருகின்றது. இரு குறிகள் எங்கெங்கு உடன்வருகின்றன என்பதைக் காட்டுகின்றது. ஆய்வாளர் அவ்வப்போது எழுதும் குறிப்புரைகளைத் தரவோடு பிணைத்து வைக்கின்றது. நூறு நேர்காணல்களை நினைவில் வைத்து ஒப்பிடுதல் மனிதர்க்கு அரிது. தம் கருத்துக்கு மாறான சான்றை மறந்துவிடுதலோ எளிது. மாறுபட்ட சான்றையும் உடன்பட்ட சான்றையும் ஒருங்கே கண்முன் நிறுத்துவதால் இக்கருவிக்கு நாம் கடப்பாடுடையோம். இதன் பயனைக் குறைத்துக் கூறுதல் நம் கருத்தன்று.

இனிக் குறைகளைக் காண்போம். திரட்டித் தரும் ஆற்றலே முதற் குறைக்கும் காரணமாகின்றது. ஓர் எடுத்துக்காட்டைப் புனைந்து கொள்வோம். கடன் தொல்லை பற்றி நெடிது பேசிய நெசவாளர் ஒருவர், சிறிது நேரம் வாளாவிருந்து, பின்னர் நகைத்து, “எங்களுக்கென்ன குறை, நல்லாத்தான் இருக்கோம்” என்கிறார். இத்தொடரைத் தனியே பிரித்தெடுப்பின் அது ‘மனநிறைவு’ என்னும் குறியின்கீழ்ச் சென்று சேரும். முன்னர் நிகழ்ந்த பேச்சு, இடையிட்ட வாளாமை, நகைப்பு ஆகிய மூன்றோடும் வைத்து நோக்கினாலன்றி அத்தொடரின் பொருள் விளங்காது. இடமும் சூழலும் நோக்கிப் பொருள் கோடல் நம் உரையாசிரியர்கள் கைக்கொண்ட நெறி. திரட்டப்பட்ட பட்டியலை மட்டும் படிப்பவர் அந்நெறியைக் கைவிட்டவராவர்.

இரண்டாவது குறை எண்ணிக்கை மயக்கம். ஒரு குறி நாற்பது இடங்களில் வந்தது என மென்பொருள் காட்டுமாயின், அது முதன்மையான கருத்து என முடிவு செய்துவிடுகின்றனர். ஒருவரே அதனை நாற்பது முறை கூறினாரா, நாற்பதின்மர் ஒவ்வொரு முறை கூறினரா என்பது வினவற்பாலது. பேசுவதற்கு அஞ்சி எவரும் வாய்திறவாத செய்தி, எத்துணை முதன்மை உடையதாயினும், பட்டியலில் இடம்பெறுவதே இல்லை.

மூன்றாவது, தமிழ்த் தரவை ஆராய்வார் சிறப்பாக அறிய வேண்டுவது. எழுத்து வரிசையை மட்டும் ஒப்பிட்டுத் தேடும் முறை நம் மொழியின் புணர்ச்சியையும் வேற்றுமையையும் அறியாது. ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’, ‘மரங்கள்’, ‘மரமும்’ ஆகியன விடுபடும். தொடர்பற்ற ‘சாமரம்’ வந்து சேரும். ‘பால்’ என்று தேடினால் ‘பெண்பால்’, ‘அவன்பால்’ ஆகியன கிட்டும். ‘பாலைக் குடித்தான்’ என்பது கிட்டாது. இத்தகைய தேடலை நம்பி, “இக்கருத்து தரவில் இல்லை” என முடிவு கூறுதல் பெரும்பிழையாகும்.

மென்பொருள் ஆய்வின் போக்கையே திருப்பிவிடும் என்னும் அச்சமும் உண்டு. நட்இஸ்ட் குறிகளைக் கிளைவிடும் மரம்போல் அடுக்கியது. அவ்வமைப்பில் பழகியவர், வாழ்க்கையும் அவ்வாறே கிளைபிரிந்து கிடப்பதாக எண்ணக்கூடும். காஃபி, ஹோல்புரூக், அட்கின்சன் ஆகிய மூவரும் 1996இல் எழுதிய கட்டுரையில், இம்மென்பொருள்கள் பண்புசார் ஆய்வு முழுவதையும் குறியிடுதல் என்னும் ஒரே நெறிக்குள் ஒடுக்கக்கூடும் என எச்சரித்தனர். அதே ஆண்டில் லீ, ஃபீல்டிங் ஆகிய இருவரும் அதனை மறுத்து, பயன்படுத்துவோர் நடைமுறை அவ்வாறு ஒருமுகப்பட்டதன்று எனக் காட்டினர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மையுண்டு. கருவி எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆயின், எளிய வழியைத் திறந்து வைக்கின்றது. அவ்வழியே செல்வதும் செல்லாததும் ஆய்வாளரைப் பொறுத்தன.

குறியிடுதல் தமிழ்ப் புலமைக்குப் புதியதன்று. புறநானூற்றுப் பாடல்களின் இறுதியில் திணையும் துறையும் குறிக்கப்பட்டுள்ளன. சில பாடல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளும் கூறப்பட்டுள்ளன. அவ்வாறு துறை வகுக்கப்பட்டிருப்பினும், தொல்காப்பிய நெறிப்படியே துறை கூறுதல் வேண்டும் என்பது நச்சினார்க்கினியர் கொள்கை. ஆகவே, எந்தச் சட்டகத்தைக் கொண்டு குறியிடுவது என்பதே ஈண்டு வழக்காக எழுந்தது. அவ்வழக்கும் காரணம் காட்டியே நிகழ்ந்தது. இன்றோ, குறியிடுவோர் இருவர் எத்துணை உடன்பட்டனர் என்பதை 1960இல் கோஹன் வகுத்த கப்பா அளவையால் கணித்து அமைகின்றனர். உடன்பாட்டின் அளவை அறிதல் நன்றே. ஆயின், இருவரும் ஒரே பிழையைச் செய்தாலும் அளவை உயரும். மாறுபட்ட இடத்தில் ஏன் மாறுபட்டனர் என எழுதுவதே ஆராய்ச்சிக்கு ஆக்கம் தரும்.

2023 முதல் செயற்கை நுண்ணறிவு தானே குறியிடும் வசதியும் இம்மென்பொருள்களிற் புகுந்துள்ளது. இதுகாறும் குறியிட்டவர் ஆய்வாளர். அக்குறிக்குக் காரணம் கேட்டால் விடையிறுக்கக் கடமைப்பட்டவரும் அவரே. இனிப் பொறி இட்ட குறியைப் படித்துப் பாராமல் ஏற்பவர், தாம் கேளாத பேச்சுக்குத் தாம் எழுதாத உரையைத் தம் பெயரால் வெளியிடுபவர் ஆவார். நம்மிடம் மனந்திறந்து பேசியவர்க்குச் செய்யும் நீதி அதுவன்று. அவருடைய சொற்களை வெளியார் பொறிக்கு அனுப்ப அவர் இசைந்தாரா என்னும் வினாவும் உடன் எழுகின்றது.

ஆதலின், ஆய்வேட்டை மதிப்பிடுவோர் மென்பொருளின் பெயரோடு அமைதல் கூடாது. ஒவ்வொரு குறிக்கும் வகுத்த வரையறை யாது, அஃது எப்போது, ஏன் மாற்றப்பட்டது, குறியில் அடங்காது நின்ற பகுதிகள் எவை, முடிவுக்கு மாறான சான்றுகள் எவை என்னும் நான்கினையும் கேட்டல் வேண்டும். இவற்றைப் பதிந்து வைக்க மென்பொருளைப்போல் உதவும் கருவி பிறிதில்லை. இதுவே அதன் தலையாய பயன் என்போம். தரவைத் திரட்டுதல் பொறியின் தொழிலாக இருக்கலாம். பொருள் கோடலும் அதற்குப் பொறுப்பேற்றலும் ஆய்வாளர்க்கே உரியன.