பிழை திருத்துபவர்களின் அறம்

பெக்கா ஹிமானனின் 'தி ஹேக்கர் எதிக்' 2001இல் வந்த புத்தகம். முன்னுரை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். பின்னுரை சமூகவியலாளர் மானுவல் காஸ்டெல்ஸ். ஹிமானன் ஃபின்லாந்துக்காரர், இருபது வயதில் தத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். கணினித் துறையில் இருக்கும் என் வயதுக்காரர்கள் பலர் இதைப் படிக்காமலேயே இதன் கருத்துகளைப் பேசிக்கொண்டிருக்கிறோம். "பிடிச்ச வேலையைச் செய், அது வேலையாவே தெரியாது" என்று நேர்முகத் தேர்வில் யாராவது சொன்னால், அது இந்தப் புத்தகத்தின் தண்ணீர் கலந்த வடிவம். கலக்காத வடிவம் இன்னும் சுவாரசியமானது. ஆனால் எனக்கு அதனோடு ஒரு பெரிய வழக்கு இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் ஹேக்கர் என்றால் வாட்ஸ்அப் கணக்கைத் திருடுகிறவன். தமிழில் 'கொந்தர்' என்று ஒரு கலைச்சொல்கூட உண்டு, அதைக் கேட்டாலே ஏதோ கொத்திக் குதறுகிறவன் மாதிரித்தான் இருக்கிறது. ஹிமானன் பேசுவது பழைய அர்த்தத்தை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் தூங்க முடியாதவர்கள், கண்டுபிடித்ததை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்கிறவர்கள். இவர்களுடைய கதையை 1984இலேயே ஸ்டீவன் லெவி 'ஹேக்கர்ஸ்' என்ற புத்தகத்தில் எழுதிவிட்டார். 1950களின் கடைசியில் எம்.ஐ.டி.யில் பொம்மை ரயில் சங்கத்து மாணவர்கள் இரவில் சும்மா கிடந்த கணினிகளைத் தேடிப் போனதிலிருந்து அது தொடங்குகிறது. அவர்களுடைய எழுதப்படாத விதிகளை லெவி ஆறாகத் தொகுத்தார். தகவல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும், அதிகாரத்தை நம்பாதே, இப்படிப் போகும். அதில் ஒன்று, பட்டம், வயது, இனம், பதவி எதையும் பார்க்காமல் ஒருவன் செய்த வேலையை வைத்து மட்டுமே அவனை மதிப்பிட வேண்டும் என்பது. உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பட்டத்தோடு கோலாலம்பூரில் வேலை தேடிய யாருக்கும் இந்த வரியில் ஒரு நிமிடம் கண் நிற்கும்.

ஹிமானன் லெவியின் பட்டியலைத் தத்துவமாக மாற்றப் பார்க்கிறார். அவருடைய எதிராளி மாக்ஸ் வெபர். உழைப்பே கடமை, உழைப்பே நல்லொழுக்கம் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவ மனநிலைதான் முதலாளித்துவத்துக்கு உயிர் கொடுத்தது என்றார் வெபர். ஹிமானன் இன்னும் பின்னால் போய் அந்த மனநிலையின் வேரை மடாலயங்களில், மணியடித்து நேரம் பிரித்த துறவிகளின் வாழ்க்கையில் காண்கிறார். மதச் சீர்திருத்தம் வாழ்க்கையின் மையத்தை ஞாயிறிலிருந்து வெள்ளிக்கு நகர்த்திவிட்டது என்கிறார். இப்போது ஓய்வைக்கூட அட்டவணை போட்டுச் செய்கிறோம், ஞாயிறும் வெள்ளியாகிவிட்டது. ஹேக்கர் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறான். அவனுக்கு வேலை கடமை இல்லை, ஆர்வம். நேரம் அவனுடையது. புத்தகத்தின் இந்த முதல் பகுதி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது.

என் வழக்கும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. என் பாட்டி கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். அந்த மலையில் 1929இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார், 1933இல் பாரத் தோட்டம் வந்தது. அங்கே தமிழர்களுக்கு மணியடித்த மடாலயம் என்றால் அது பெரட்டுதான். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள், வராதவருக்கு அன்று பேர் இல்லை. பிறகு மேட்டில் ஏற வேண்டும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும், கூடையை நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். எடைக்குத்தான் காசு. பாட்டியிடம் ஒருமுறை வெபரைப் பற்றி என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். "வேலைன்னா வேலை. அதுல என்னா புண்ணியம்?" என்றார். அவ்வளவுதான்.

வெபரின் உழைப்பாளி வேலையை நம்புகிறவன். தோட்டத்துக்கு அந்த நம்பிக்கை தேவைப்படவில்லை. பெரட்டும் தராசும் லயத்து வீடும் போதும், வேலையை விட்டால் வீடும் போய்விடும் என்பது போதும். உழைப்பு ஒரு மனநிலையாக இருந்தால் அதை இன்னொரு மனநிலையால் வெல்லலாம். உழைப்பு ஒரு ஏற்பாடாக இருக்கும்போது 'ஆர்வத்தோடு செய்' என்ற சொல் யாருக்குமே போய்ச் சேராது. இன்று அதே மேடுகளில் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் கத்திரியும் இயந்திரமும் வைத்து வெட்டுகிறார்கள். ஆள் மாறியிருக்கிறது.

டோர்வால்ட்ஸ் முன்னுரையில் மனிதனை இயக்குவது மூன்று என்கிறார். உயிர்வாழ்தல், சமூக வாழ்க்கை, கேளிக்கை. ஹேக்கர் முதலாவதைக் கடந்தவன், இனி அவன் மற்ற இரண்டுக்காகச் செய்கிறான். சரி, முதலாவதைக் கடக்க யார் உதவினார்கள்? டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். கல்விக் கட்டணம் இல்லாத நாடு. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவுக் கூடத்தின் ஹேக்கர்களுக்குச் சோறு போட்டது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணம். வியட்நாம் போருக்கு எதிரான மாணவர்கள் அந்தக் கட்டடத்துக்கு முன் கூடியபோது கூடத்துக்கு எஃகுத் தகடும் பூட்டும் போட்டார்கள் என்பதை லெவியே எழுதுகிறார். எல்லாப் பூட்டையும் திறப்பதைக் கொள்கையாக வைத்திருந்தவர்கள் அந்தப் பூட்டுக்குள்ளே உட்கார்ந்து நிரல் எழுதினார்கள்.

லெவியின் புத்தகத்தில் எனக்கு மறக்காத இடம் வேறு. மார்கரெட் ஹாமில்டன், பிறகு அப்பல்லோ நிலாப் பயணத்தின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், அந்தக் காலத்தில் எம்.ஐ.டி.யில் அதே கணினியைப் பயன்படுத்தினார். ஒருநாள் அவருடைய நிரல் ஓடவில்லை. ஹேக்கர்கள் கணினியின் வன்பொருளை 'மேம்படுத்தியிருந்தார்கள்', அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் புகார் செய்தார். லெவி இதை ஒரு வேடிக்கைச் சம்பவமாகச் சொல்லிக் கடந்துபோகிறார். எனக்கு இது வேடிக்கையாகத் தெரியவில்லை. எல்லாருக்கும் பொதுவான கருவியை மாற்றும் உரிமை யாருக்கு, மாற்றியதால் வரும் செலவு யார் தலையில் என்ற கேள்வி இதில் இருக்கிறது. ஹேக்கர் அறத்தைக் கொண்டாடுகிறவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறார்கள்.

ரிச்சர்ட் ஸ்டால்மேன் வேறு மாதிரி. கூடத்தில் இருந்த ஜெராக்ஸ் அச்சுப்பொறியின் மூலநிரல் கிடைக்காமல் போன கோபத்தை அவர் ஒரு ஒழுக்கப் பிரச்சினையாகப் பார்த்தார். 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார், அடுத்த ஜனவரியில் வேலையை விட்டார், 1989இல் அதற்கான பொது உரிமத்தை எழுதினார். நிரலை எடுத்துக்கொள், மாற்று, கொடு, ஆனால் உனக்குக் கிடைத்த சுதந்திரத்தை அடுத்தவனுக்கு மறுக்காதே. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால் அவர் பல பத்தாண்டுகளாக அந்த வித்தியாசத்தை விளக்கிக்கொண்டே இருக்கிறார். தமிழில் அந்தத் தலைவலி இல்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லிவிடுகிறோம்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். ஹிமானன் ஹேக்கரின் ஏழு விழுமியங்களைச் சொல்கிறார்: ஆர்வம், சுதந்திரம், சமூக மதிப்பு, திறந்த தன்மை, செயல்பாடு, அக்கறை, படைப்பூக்கம். ஆர்வத்துக்கு ஒரு முழு அத்தியாயம். அக்கறை புத்தகத்தின் கடைசிக்கு அருகில் வருகிறது. விளிம்பில் இருப்பவர்களுக்கு உதவ வேண்டும் என்று சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் சில பத்திகளில் முடித்துவிடுகிறார். தமிழ்க் கணிமையின் கதையை வைத்து எழுதியிருந்தால் இந்த வரிசை தலைகீழாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

மதுரைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1998 பொங்கலில் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம். அலுவலகம் இல்லை, சம்பளம் இல்லை. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்தார்கள். திருக்குறளில் தொடங்கி 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம்வரை அப்படித்தான் வந்தது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ஒரு குறிப்பு இருக்கும். இந்த முகப்பை நீக்காதவரை யாரும் தாராளமாகப் பகிரலாம் என்று. ஸ்டால்மேனின் உரிமத்துக்கு இது தூரத்துச் சொந்தம். அதே முகப்பில் தட்டச்சு செய்தவர் பெயர் இருக்கும், மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் இருக்கும்.

மெய்ப்புப் பார்ப்பதில் என்ன கேளிக்கை இருக்கிறது? துணைக்கால் 'ா' வர வேண்டிய இடத்தில் 'ர' விழுந்திருக்கும், றகரம் ரகரமாகியிருக்கும், அதை ஆயிரக்கணக்கான வரிகளில் தேட வேண்டும். டிஸ்கி குறியாக்கத்தில் இருந்ததெல்லாம் பிறகு யூனிகோடுக்கு மாற வேண்டியிருந்தது. இதை யாரும் இரவு முழுக்கக் கண்விழித்து மகிழ்ச்சியில் துள்ளிச் செய்வதில்லை. சலிப்பாக இருந்தாலும் செய்கிறார்கள், யாரோ ஒரு மாணவனுக்குப் புத்தகம் கையில் கிடைக்காது என்று தெரிவதால். ஹிமானனின் 'ஆர்வம்' இதை விளக்காது. பாட்டியின் 'வேலைன்னா வேலை'யும் முழுதாக விளக்காது, ஏனென்றால் இங்கே பெரட்டு இல்லை.

சலிப்பான வேலையைக் கணக்கில் எடுக்காத அறம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டை சாட்சி. உலகத்தின் வங்கிகளும் கடைகளும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலை முழுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்போது ஒரே ஒருவர். புதிதாகக் கட்ட ஆயிரம் பேர் வருவார்கள். கழுவித் துடைக்க ஆள் இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் லினக்ஸ் இல்லாமல் ஒரு பெட்டிகூட ஓடாது. நாங்கள் திருத்திய பிழைகளைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் டைம் இல்ல லா" என்று பதில் வந்தது. நிரல் திறந்திருந்தது, நேரம் பூட்டியிருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். நம் பத்திரிகைகளும் பள்ளிகளும் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வடிவமைத்த எழுத்துருக்கள் இன்று ஆப்பிள் கணினிகளில் 'எம்.என்.' என்ற முதலெழுத்துகளோடு இருக்கின்றன. முரசு அஞ்சலின் ஒரு பதிப்பு இலவசமாகக் கிடைத்தது, ஆனால் அது கட்டற்ற மென்பொருள் இல்லை. ஸ்டால்மேனின் தராசில் இது தவறு. இன்னொரு பக்கம் முகுந்தின் 'எ-கலப்பை' கட்டற்ற உரிமத்தில் வந்தது, நம்மில் பலர் அதில்தான் முதல் தமிழ் வரியைத் தட்டினோம். எது உயர்ந்த அறம் என்று தீர்ப்பு எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் நாற்பது ஆண்டுகள் ஒரே வேலையைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டுமென்றால் அவருக்கு வீட்டு வாடகை வேண்டும். அந்த வாடகைக் கணக்கை ஹிமானன் ஃபின்லாந்து அரசிடம் விட்டுவிட்டார். நமக்கு அப்படி விட ஆள் இல்லை.

புத்தகத்தைத் தமிழில் யாராவது கொண்டுவந்தால் நல்லது. மொழிபெயர்க்கிறவர் 'அக்கறை' வரும் பக்கங்களில் கொஞ்சம் நின்று, மதுரைத் திட்டக் கோப்பு ஒன்றின் முகப்பையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.